பேஸ்மட்டம் எத்தனை அடி?

எங்கள் பக்கத்தில் வீடு கட்டுகிறவரைப் பார்த்து "பேஸ்மட்டம் போட்டாச்சா?" என்று கேட்டால், பூமிக்குக் கீழே அறை தோண்டியாகிவிட்டதா என்று பொருளில்லை. வாணம் தோண்டி, கல் வைத்துத் தரைக்கு மேலே தூக்கி, உள்ளே கிராவல் கொட்டி மேடாக்கியாயிற்றா என்று பொருள். ஆங்கிலத்தில் நிலத்துக்கு அடியில் இருக்கிற அறைக்கான சொல், எங்கள் கொத்தனார்கள் வாய்க்கு வந்தபோது நிலத்துக்கு மேலே ஏறிக்கொண்டது. மழைக்காலத்தில் குளமும் வயலும் ஒன்றாகிவிடுகிற ஊரில் அந்தச் சொல்லுக்கு வேறு போக்கிடம் இருந்திருக்காது என்று எனக்குத் தோன்றும்.

என் அப்பா கொத்தனார். அறந்தாங்கியைச் சுற்றியுள்ள கிராமங்களில் அவர் எழுப்பிய சுவர்கள் இன்னும் நிற்கின்றன. நான் டிப்ளமோ சிவில் படித்துவிட்டு, அவரோடு வேலை பார்த்த ஆட்களையே வைத்துக்கொண்டு வீடு கட்டிக்கொடுக்க ஆரம்பித்து இருபத்தொன்பது வருடம் ஆகிறது. இத்தனை வருடத்தில் ஒரே ஒரு வீட்டுக்குத்தான் ஆங்கில அர்த்தத்தில் பேஸ்மெண்ட் கட்டினேன். அதைக் கட்டியிருக்கக் கூடாது. ஏன் கூடாது என்பதைப் படித்துத் தெரிந்துகொள்ளாமல், தண்ணீர் வந்து சொல்லித் தெரிந்துகொண்டேன். அதை விளக்கமாகச் சொன்னால், பூமிக்கு மேலே வீடு கட்டுகிறவர்களுக்கும் உதவும் என்பதால் எழுதுகிறேன்.

2012ஆம் வருடம். புதுக்கோட்டை நகருக்கு வெளியே, ஏந்தல் என்று நாங்கள் சொல்கிற சிறிய குளம் ஒன்றுக்குக் கீழ்ப்புறம் புதிதாகப் பிரித்த மனை. வாங்கியவர் சிங்கப்பூரில் பதினான்கு வருடம் வேலை பார்த்துத் திரும்பியவர். அங்கே கடைகளும் ரயிலும் வண்டி நிறுத்துமிடமும் பூமிக்கு அடியில் சுத்தமாக, உலர்ந்து, வெளிச்சமாக இருப்பதைப் பார்த்துப் பழகியிருந்தார். தன் வீட்டுக்கும் கீழே ஒரு ஹால் வேண்டும் என்றார். பதினாறுக்குப் பதினான்கு, எட்டடி ஆழம். வெயில் காலத்தில் குளுமையாக இருக்கும், ஜெனரேட்டரையும் இன்வெர்ட்டரையும் அங்கேயே வைத்துக்கொள்ளலாம் என்று ஆசைப்பட்டார். அவருடைய அம்மாவுக்கு மட்டும் மனசில்லை. என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார்: "தாயி, இது ஏந்தல் நெறஞ்சா தண்ணி போற தடம். நான் கல்யாணமாகி வந்தப்ப இங்கன நாத்துப் பாவியிருந்தாக. இவன் பூமிக்குள்ள குழி வெட்டணுங்கிறான். நீயாச்சும் சொல்லு."

நான் சொல்லவில்லை. வரைபடம் போட்டுக் கொடுத்தேன்.

சித்திரை மாதம் தோண்டினோம். மேலே இரண்டடி மண், அதற்குக் கீழே செம்பராங்கல். ஆலங்குடி, கந்தர்வகோட்டைப் பக்கம் வீட்டுச் சுவருக்கே அதை அறுத்து வைப்பார்கள். எங்கள் மாவட்டத்துக்குப் பழகிய கல். எட்டடி வரைக்கும் ஒரு சொட்டு ஈரம் இல்லை. அந்தக் கல்லைக் கையில் எடுத்துப் பார்த்தால் புழு அரித்த கட்டை மாதிரி ஓட்டை ஓட்டையாக இருக்கும். கோடையில் காற்று இருக்கிற அந்த ஓட்டைகளில் மழைக்காலத்தில் தண்ணீர் இருக்கும், அது பக்கவாட்டில் நகரும் என்று நான் யோசித்திருக்க வேண்டும். சுவர் எழுப்பி, உட்புறம் மட்டும் நீர்க்காப்புப் பூச்சு பூசி, தரைக்கு ஐந்து அங்குலம் கம்பியில்லாத கான்கிரீட் போட்டு முடித்தேன்.

அதற்குப் பிறகு வந்தவை பெரும்பாலும் மழை குறைந்த வருடங்கள். 2016இல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் இயல்பைவிட 62 சதவீதம் குறைந்தது. ஏந்தல் வெடித்துக் கிடந்தது. கீழ் ஹால் உலர்ந்தே இருந்தது. வருகிறவர்களை எல்லாம் அவர் கீழே கூட்டிப்போய்க் காட்டினார். என்னிடம் வேறு ஆட்களும் அதேபோல வேண்டுமென்று கேட்டார்கள். சில வருடம் தண்ணீர் வரவில்லை என்பதை வைத்து ஓர் இடத்துக்குத் தண்ணீர் வராது என்று முடிவு கட்டுவதுதான், வீடு கட்டுகிற எங்களைப் போன்றவர்களும் மனை வாங்குகிற உங்களைப் போன்றவர்களும் சேர்ந்து செய்கிற தவறு. நல்லவேளை, மற்றவர்களுக்குக் கட்டுவதற்கு எனக்கு நேரம் அமையவில்லை.

2018 நவம்பர் 16 அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறிய கஜா புயல், எங்கள் மாவட்டத்தின் குறுக்கே போனது. கீரமங்கலம், கொத்தமங்கலம், வடகாடு பக்கத்துத் தென்னையும் பலாவும் ஒரே இரவில் படுத்துவிட்டதை இங்கே யாரும் மறக்கவில்லை. எங்களுக்குக் கஜா முக்கியமாகக் காற்றுதான். கீழ் ஹாலில் சுவரோரமாக ஓதம் மட்டும் தெரிந்தது. அன்றைக்கு நான் கவனித்திருக்க வேண்டியது இன்னொன்று: கரண்டு போனது. பல மாவட்டங்களிலுமாக ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. சில கிராமங்களுக்கு வெளிச்சம் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. தண்ணீர் வந்தால் மோட்டார் போட்டு இறைத்துவிடலாம் என்று சொல்லித்தான் அந்த ஹாலை நான் கட்டியிருந்தேன். புயல் முதலில் கை வைப்பது மின்கம்பத்தில்தான்.

2021 வந்தது. தமிழ்நாட்டுக்கு வடகிழக்குப் பருவத்தில் இயல்பாகக் கிடைக்கிற 45 செ.மீ.க்குப் பதில் 71 செ.மீ. கொட்டியது. நவம்பரில் ஒரு நாள் விடிகாலை நான்கு மணிக்கு அவர் போன் செய்தார். "அக்கா, கீழ ஹாலு முழுசும் தண்ணி. எங்கிட்டிருந்து வருதுன்னே தெரியல" என்றார். நான் போய்ப் பார்த்தபோது படிக்கட்டில் நான்காவது படி வரை தண்ணீர் நின்றது. ஜெனரேட்டர், இன்வெர்ட்டர், அவர் பெண்ணின் தையல் மெஷின் எல்லாம் உள்ளே.

எங்கிருந்து வந்தது என்று பிறகு பொறுமையாகப் பார்த்தேன். பூமிக்கு அடியிலுள்ள அறைக்குத் தண்ணீர் மூன்று வழியாக வரும். அந்த வீட்டில் மூன்றும் நடந்திருந்தது. ஏந்தலின் கலிங்கு வழியாக வெளியேறிய உபரி நீர் தெருவில் முக்கால் அடி உயரத்துக்கு ஓடி, நேராகப் படிக்கட்டில் இறங்கியது. அது கண்ணுக்குத் தெரிகிற வழி. சுவரும் தரையும் சேருகிற மூலையில் ஊற்று மாதிரிக் கொப்பளித்தது. அது செம்பராங்கல்லுக்குள் ஊறி வந்த தண்ணீர். மூன்றாவது, கீழ் ஹாலில் வைத்திருந்த சின்னக் கழிவறையின் குழாய். வெளியே செப்டிக் டேங்க் மூழ்கியதும், போகவேண்டியது எல்லாம் திரும்பி உள்ளே வந்திருந்தது. மூன்றில் மிக மோசமானது அதுதான், ஏனென்றால் அது வெறும் மழைத் தண்ணீர் இல்லை.

மழை விட்டதும் அவர் வாடகைக்கு டீசல் பம்பு கொண்டுவந்து நான்கு மணி நேரத்தில் மொத்தத்தையும் இறைத்துவிட்டார். நான் தடுக்கவில்லை, எனக்கும் அன்றைக்குத் தெரியாது. மறுநாள் பார்த்தால் தரை நடுவில் முதுகு மாதிரி எழும்பிக் கோடாக வெடித்திருந்தது. கணக்கு எளிமையானது. வெளியே பூமி நிரம்ப ஊறியிருக்கும்போது, எட்டடி ஆழத்திலுள்ள தரையின் ஒவ்வொரு சதுர மீட்டரையும் ஏறத்தாழ இரண்டரை டன் எடை கீழேயிருந்து மேலே தள்ளுகிறது. உள்ளே தண்ணீர் நிற்கும்வரை அதன் எடை இதைச் சமன் செய்துகொண்டிருந்தது. உள்ளதை அவசரமாக இறைத்ததும் தள்ளுகிற கை மட்டும் மிஞ்சியது. எனவே நிலத்தடி அறைக்குள் தண்ணீர் புகுந்துவிட்டால், வெளியே வடியத் தொடங்கியதைப் பார்த்த பிறகு, ஓரடி இறைத்து, சுவரில் கரிக்கோடு போட்டு, ராத்திரியில் மறுபடி ஏறுகிறதா என்று பார்த்து, ஏறாவிட்டால்தான் மறுநாள் அடுத்த அடியை இறைக்க வேண்டும். ஏறினால் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டும்.

அதைவிட முக்கியமான ஒன்று. தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும்போது சாமானை எடுக்கக் கீழே இறங்கவே கூடாது. அன்று இரவு அவர் பெண் தையல் மெஷினை எடுக்க இறங்கப் பார்த்திருக்கிறாள். பாட்டிதான் கையைப் பிடித்து நிறுத்தியிருக்கிறார். 2024 ஜூலை 27ஆம் தேதி, டெல்லியில் பழைய ராஜேந்திர நகரில் ஒரு பயிற்சி மையத்தின் நிலத்தடி நூலகத்துக்குள் மழைத்தண்ணீர் பாய்ந்து, குடிமைப் பணித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த மூன்று பிள்ளைகள் இறந்தார்கள். அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு இந்தப் பெண்ணின் முகம்தான் வந்தது. மூன்றடி அகலக் கதவுக்கு வெளியே இரண்டடி உயரத்துக்குத் தண்ணீர் நின்றால், ஏறத்தாழ 170 கிலோ எடை அந்தக் கதவை அழுத்திப் பிடித்திருக்கும். உள்ளேயிருந்து ஓர் ஆள் தள்ளித் திறக்க முடியாது. இரண்டடி என்பது முழங்காலுக்குச் சற்று மேலே, அவ்வளவுதான்.

சிங்கப்பூரில் மட்டும் எப்படி உலர்ந்திருக்கிறது என்று அவரே பிறகு என்னிடம் கேட்டார். அங்கேயும் எப்போதும் உலர்ந்திருக்கவில்லை. 2010 ஜூன் 16இல் ஆர்ச்சர்ட் ரோடு வெள்ளத்தில் மூழ்கி, அங்கிருந்த கட்டடங்களின் கீழ்த்தளக் கடைகளுக்குள் தண்ணீர் புகுந்தது. ஆனால் அந்த ஊரில் ஒரு விதி இருக்கிறது. நிலத்தடிக்குப் போகிற எந்த வழியும் முதலில் மேலே ஏற வேண்டும், பிறகுதான் கீழே இறங்க வேண்டும். ரயில் நிலைய வாசலில் நான்கைந்து படி ஏறி, பின்னர் கீழே போவதை அங்கே வேலை பார்த்தவர்கள் நினைத்துப் பார்த்தால் ஞாபகம் வரும். கார் இறங்குகிற சரிவுக்கும் முன்னால் ஒரு மேடு இருக்கும். பதினான்கு வருடம் அந்தப் படிகளில் ஏறியிறங்கியும் எதற்காக ஏறுகிறோம் என்று தோன்றவில்லையே அக்கா என்றார். வரைபடம் போட்ட எனக்கே தோன்றவில்லை.

சென்னையில் 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடுக்குமாடிகளின் கீழ்த்தளத்தில் நின்ற கார்கள் வரிசை வரிசையாக மூழ்கிக் கிடந்ததை நாடே பார்த்தது. அதற்குப் பிறகும் மாவட்டத் தலைநகரங்களில் ஜவுளிக்கடை, கல்யாண மண்டபம், வணிக வளாகம் என்று கீழே தோண்டுவது குறையவில்லை. கட்டாயம் தோண்டித்தான் ஆகவேண்டும் என்றால் செய்ய வேண்டியது இதுதான். வாசலில் தெரு மட்டத்துக்கு மேல் குறைந்தது இரண்டடி மேடு. சுவரின் வெளிப்புறத்தில் நீர்க்காப்பு, உள்ளே பூசுவதால் பயனில்லை; உள்பூச்சைத் தண்ணீர் பின்னாலிருந்து தள்ளிக் கொப்புளமாக்கிவிடும். தரையும் சுவரும் கம்பி கட்டி ஒரே தொட்டியாக வார்க்கப்பட வேண்டும், சேருமிடத்தில் நீர்த்தடுப்புப் பட்டை வேண்டும். மூலையில் குழி வெட்டித் தானாக ஓடும் மோட்டார் வைத்து, அதற்கு மின்சாரம் தருகிற இன்வெர்ட்டரும் மெயின் போர்டும் மேல்தளத்தில் இருக்க வேண்டும். கீழே கழிவறை கூடவே கூடாது. இத்தனைக்கும் ஆகிற செலவைக் கேட்டால் எங்கள் ஊர்க்காரர்கள் மாடியில் இன்னொரு அறை கட்டிக்கொள்வார்கள். அதுதான் சரி.

இனி மேலே ஏறுகிற பேஸ்மட்டத்துக்கு வருகிறேன். இதைத்தான் நம்மில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேர் கட்டுகிறோம்.

திருமயம் பக்கம் கோனாபட்டு, ராயவரம், கடியாபட்டி, ராங்கியம் போயிருக்கிறீர்களா? நகரத்தார் வீடுகளின் தூண்களையும் கதவுகளையும் எல்லோரும் படம் எடுக்கிறார்கள். அடுத்த முறை போனால் தெருவில் நின்று திண்ணை எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். நாலைந்து படி ஏறித்தான் திண்ணைக்கே போக முடியும். காவிரிப்பூம்பட்டினத்தில் கடல் பொங்கி ஊரை இழந்தவர்கள் என்பதால் உயரமாகக் கட்டினார்கள் என்று அந்தச் சமூகத்தில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். எனக்குப் பிடித்தது உயரம் மட்டுமில்லை. கூரையில் விழுகிற மழை வளவுக்குள் இறங்கி, தரைக்கு அடியிலுள்ள சலதாரை வழியாகத் தெருவுக்குப் போய், தெருவின் சரிவில் ஊரணிக்குப் போய்ச் சேரும். தண்ணீரை வெளியே தள்ளினால் போதும் என்று அவர்கள் நினைக்கவில்லை. அது எங்கே போய் நிற்கும் என்பது வரை பார்த்திருக்கிறார்கள். புதுக்கோட்டை நகரமும் அப்படித்தான். 1878இல் திவானாக வந்த சேஷய்ய சாஸ்திரியின் காலத்தில் பழைய குளங்கள் தூர்வாரப்பட்டன, புதுக்குளம் அமைந்தது. நேர்கோடாக ஓடுகிற எங்கள் வீதிகளைப் புகழ்கிறவர்கள் அந்தக் குளங்களையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

இப்போது கட்டுகிற வீட்டில் பேஸ்மட்டம் எத்தனை அடி என்று கேட்டால், "ரெண்டடி போட்டுக்கலாம்" என்று பதில் வரும். எதிலிருந்து இரண்டடி? மனைத் தரையிலிருந்தா, தெருவிலிருந்தா? சுற்றியுள்ள தரையிலிருந்து குறைந்தது 45 செ.மீ., அதாவது ஒன்றரை அடி வேண்டும் என்று தேசியக் கட்டட விதித்தொகுப்பு சொல்கிறது. அது குறைந்தபட்சம். எங்கள் ஊரில் மனை தெருவைவிட ஓரடி பள்ளமாக இருக்கும். அப்படியானால் அந்த ஒன்றரை அடியில் அரையடிதான் கையில் நிற்கும். அந்த அரையடியையும் தெரு தின்றுவிடும். ஒவ்வொரு முறை ரோடு போடும்போதும் பழைய தாரின்மேலேயே புதுத் தாரைக் கொட்டினால் மூன்று நான்கு அங்குலம் ஏறும். நான்கு முறை போட்டால் ஓரடி. நான் தொழிலுக்கு வந்த புதிதில் இரண்டு படி ஏறிப் போகிற மாதிரி கட்டிய ஒரு வீட்டுக்கு இன்றைக்கு ஒரு படி இறங்கிப் போகிறார்கள். பழைய அடுக்கைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிதாகப் போட வேண்டும், தெரு மட்டம் உயரக் கூடாது என்று 2021இல் தலைமைச் செயலாளராக இருந்த வெ. இறையன்பு உத்தரவிட்டார். உங்கள் தெருவில் ரோடு போட வரும்போது அந்த உத்தரவை நினைவுபடுத்தி நிற்பது, வீட்டை நான்கு அங்குலம் தூக்குவதற்குச் சமம்.

அதனால் நான் தெருவின் நடு மேட்டிலிருந்து மூன்றடி என்று கணக்கு வைக்கிறேன். ஏந்தலுக்கோ கண்மாய்க்கோ கீழே மனை இருந்தால் தெருவையும் நம்புவதில்லை. கலிங்கு மட்டத்தைப் பார்க்கிறேன். கண்மாய் நிரம்பினால் தண்ணீர் வெளியேறுகிற கல் வரம்பு அது. ஊரிலேயே பொய் சொல்லாத அளவுகல் அதுதான், ஏனென்றால் நம் தாத்தாக்கள் தண்ணீரை வைத்தே அதை நிறுத்தினார்கள். அப்பாவின் டியூப் லெவல் இன்னும் என்னிடம் இருக்கிறது. கண்ணாடி மாதிரி உள்ளே தெரிகிற நீளமான பிளாஸ்டிக் குழாயில் குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையை இங்கே ஒருவர் பிடிக்க, மறு முனையை அங்கே ஒருவர் பிடிக்க, இரண்டு பக்கமும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். அதைத் தாண்டித் தாண்டி வைத்துக் கலிங்கிலிருந்து மனை வரை கொண்டுவரலாம். அரை நாள் வேலை, இரண்டு ஆள் போதும். லட்சக்கணக்கில் போட்டு மனை வாங்குகிறவர்கள் இந்த அரை நாளைச் செலவழிப்பதில்லை.

உயரம் முடிவானாலும் நிரப்புவதில் கோட்டை விடுவார்கள். கிராவலை மொத்தமாகக் கொட்டி மேலே கான்கிரீட் போட்டால், முதல் வெள்ளத்தில் உள்ளே ஊறி அமுங்கி, டைல்ஸ் கீழே 'டொக்டொக்' என்று சத்தம் கேட்கும். அரையடி கொட்டி, தண்ணீர் விட்டு, திம்சு கட்டையால் இடித்து, மறுபடி அரையடி. கல்லுக்கு மேலே கம்பி கட்டிய பெல்ட் கான்கிரீட் ஓட வேண்டும். அது ஓதம் ஏறுவதையும் தடுக்கும், சுவர் ஒரு பக்கம் இறங்குவதையும் தடுக்கும். வீட்டைச் சுற்றி மூன்றடி அகலத்துக்கு வெளிப்பக்கம் சாய்ந்த சிமெண்ட் தளம் இருந்தால், கூரைத் தண்ணீர் அஸ்திவாரத்தை அரிக்காது. ஆயிரம் சதுர அடி மாடியில் 10 செ.மீ. மழை பெய்தால் 9,300 லிட்டர் இறங்கும், கிட்டத்தட்ட இரண்டு டிராக்டர் டேங்கர். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. பெய்தது. அதே மாடியில் அது பதினேழு பதினெட்டு டேங்கர். மாடித் தண்ணீரை எங்கே விடுவது என்று யோசிக்காமல் தரைத் தண்ணீரைப் பற்றி மட்டும் பேசுவதில் பயனில்லை.

ஒவ்வொரு வீட்டிலும் பூமிக்கு அடியில் ஒன்று இருக்கத்தான் செய்கிறது: சம்ப். அதன் மூடி தரையோடு தரையாக இருந்தால், முற்றத்தில் இரண்டு அங்குலம் தண்ணீர் நின்றாலே குடிக்கிற தண்ணீரில் சாக்கடை கலந்துவிடும். மூடியின் வாயைச் சுற்றி ஒன்றரை அடிக்குச் செங்கல் கட்டி உயர்த்துங்கள், ஒரு நாள் வேலை. மழைக்காலத்தில் சம்பைக் காலியாக வைக்காதீர்கள். ஊறிய மண்ணுக்குள் காலித் தொட்டி படகு மாதிரி மிதக்கப் பார்க்கும். ஒவ்வொரு கன மீட்டருக்கும் ஒரு டன் வீதம் தண்ணீர் அதை மேலே தூக்கும். புதிதாகக் கட்டிய சம்ப் ஒன்று ஒரு பக்கம் எழும்பி, குழாயை முறித்துக்கொண்டு நின்றதை நான் பார்த்திருக்கிறேன். வெள்ளத் தண்ணீர் கலந்துவிட்டால் மொத்தத்தையும் இறைத்து, தேய்த்துக் கழுவி, மறுபடி நிரப்பி, ஆயிரம் லிட்டருக்கு நான்கு கிராம் பிளீச்சிங் பவுடர் கரைத்து ஒரு மணி நேரம் விட்டுப் புழங்க வேண்டும். இறைப்பதும் கழுவுவதும் சுற்றிலும் வெள்ளம் வடிந்த பிறகுதான். காலித் தொட்டி மிதக்கும் என்பதை மறக்க வேண்டாம். குடிக்கிறதைக் காய்ச்சியே குடியுங்கள்.

செப்டிக் டேங்க்குக்குப் போகிற குழாயில் ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு வைத்தால் கழிவு திரும்பி வராது. அது இல்லாத வீட்டில், தண்ணீர் ஏறப்போகிறது என்று தெரிந்ததும் பிளாஸ்டிக் பைக்குள் மணலை நிரப்பிக் கட்டி, கழிவறைக் கோப்பையிலும் குளியலறைத் தூம்பிலும் வைத்து அமுக்குங்கள். சுவிட்சுப் பெட்டிகளைத் தரையிலிருந்து நான்கடிக்கு மேல் வையுங்கள். தண்ணீர் வாசற்படியைத் தொடும்போதே மெயினை அணைத்துவிடுங்கள்; காலடியில் ஈரம் வந்த பிறகு போர்டைத் தொடாதீர்கள். பத்திரம், பட்டா, பிள்ளைகளின் சான்றிதழ், ஆதார், ரேஷன் கார்டு எல்லாம் ஒரே பையில், பரணில். கஜாவுக்குப் பிறகு நிவாரணத்துக்கு வரிசையில் நின்றவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை.

இத்தனையும் செய்தாலும் எனக்கு மனம் ஆறாத ஒன்று இருக்கிறது. நான் மூன்றடி உயர்த்தினால் என் தண்ணீர் எங்கே போகிறது? பக்கத்தில், நான்கு வருடத்துக்கு முன்பு ஒன்றரை அடியில் கட்டியவர் வீட்டுக்கு. அவருக்கும் கீழே, தொகுப்பு வீட்டில், ஓட்டு வீட்டில் இருப்பவருக்கு. காசு இருக்கிறவர் கிராவல் கொட்டி மேலே போகப்போக, இல்லாதவர் வாசலில் தண்ணீர் கூடுகிறது. சுற்றுச்சுவரும் இதைச் செய்யும். வயலில் பரவி ஓடிக்கொண்டிருந்த தண்ணீரை நீளமான சுவர் ஒன்று மடக்கி ஒரே சந்துக்குள் விட்டால், அந்தச் சந்திலிருக்கிற வீடு தாங்காது. நான் கட்டுகிற சுற்றுச்சுவர்களில் இப்போது தரையோடு பத்தடிக்கு ஒரு திறப்பு விடுகிறேன். பாம்பு வரும் என்பார்கள். கம்பிவலை அடிக்கலாம்.

எங்கள் மாவட்டத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட கண்மாய்களும் குளங்களும் ஏந்தல்களும் இருக்கின்றன. ஒன்று நிரம்பிக் கலிங்கு வழியாக அடுத்ததற்கு, அது நிரம்பி அதற்கடுத்ததற்கு என்று சங்கிலியாகப் போய், வெள்ளாற்றிலோ பாம்பாற்றிலோ அம்புலியாற்றிலோ சேர்ந்து கடலுக்குப் போகும்படி அமைத்தார்கள். அந்தச் சங்கிலியின் கண்ணிகள்தான் வரத்து வாரிகள். வருடத்தில் பத்து மாதம் காய்ந்து கிடப்பதால் வாரி யாருடைய கண்ணிலும் படுவதில்லை. மனை பிரிக்கிறவர் அதை நிரவிப் பாதையாக்கிவிடுகிறார். மனை வாங்கும் முன் அந்தப் புலத்தின் வரைபடத்தை எடுத்துப் பாருங்கள், இப்போது இணையத்திலேயே கிடைக்கிறது. வாய்க்கால், வாரி, புறம்போக்கு எல்லாம் அதில் கோடாக இருக்கும். ஊர்ப் பெயரையும் கேளுங்கள். ஏந்தல், வயல், குளம் என்று முடிகிற பெயர் சும்மா வந்ததில்லை. அந்த இடத்தில் நாற்றுப் பாவிய ஒரு பாட்டி இருந்தால், அவரிடமும் கேளுங்கள்.

அந்தக் கீழ் ஹாலை நாங்கள் மூடிவிட்டோம். முதலில் தரையில் நாலைந்து இடத்தில் ஓட்டை போட்டோம், கீழிருந்து தள்ளுகிற தண்ணீர் அடைபடாமல் இருக்க. பிறகு கிராவல். பதினெட்டு யூனிட், ஆறு லோடு. அடுக்கடுக்காக இடித்து நிரப்ப ஒன்பது நாள் ஆனது. அந்த ஒன்பது நாள் கூலியை நான் வாங்கவில்லை. வீட்டுக்காரரின் அம்மா தினமும் வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சொன்னதைத்தான் கேட்கவில்லையே என்று ஒரு நாளும் சொல்லிக்காட்டவில்லை. கடைசி லோடு இறங்கியதும், "சாப்பிட்டுட்டுப் போ தாயி" என்றார்.

இந்த ஐப்பசியில் அறந்தாங்கிக்கு மேற்கே ஒரு நர்ஸம்மாவுக்கு வீடு ஆரம்பித்திருக்கிறேன். பெல்ட் மட்டத்துக்கு வந்ததும் மழை பிடித்துக்கொண்டது. வேலை நின்றாலும் அடைமழை நேரத்தில் குடையோடு மனைக்குப் போனேன், தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்பதை வேறு எந்த நாளிலும் அவ்வளவு தெளிவாகப் பார்க்க முடியாது. அந்த அம்மாவும் ஏழாவது படிக்கிற பையனும் வந்திருந்தார்கள். பையன் தென்னம்பாளை ஒன்றைத் தண்ணீரில் விட்டான். அது வடக்குச் சுவரை ஒட்டிப் போய், தெருவில் திரும்பி, இரண்டு வீடு தாண்டிச் சின்னப் பாலத்தடியில் முட்டிச் சுற்றிச் சுற்றி நின்றது. பாலத்துக்கு அடியில் யாரோ கொட்டிய இடிசல் செங்கலும் சிமெண்ட் சாக்கும் அடைத்திருந்தன. மறுபக்கம் வாரி காலியாகக் கிடந்தது.

"மேடம், இதை எடுத்துட்டா எங்க வீட்டுக்கு வராதா?" என்றான் பையன்.

"நமக்கும் வராது, அந்தா அந்த ஓட்டு வீட்டுக்கும் வராது" என்றேன்.

அவன் அம்மா புடவையைச் செருகிக்கொண்டார். நான் சித்தாளுக்குப் போன் போட்டு, இரண்டு மண்வெட்டியும் ஒரு கடப்பாரையும் எடுத்துவரச் சொன்னேன்.